மலேரியா ஒட்டுண்ணிக்குள் இருக்கும் பழைய பாசிக்குப் புரதம் எப்படிப் போய்ச் சேர்கிறது?

"மலேரியா ஒட்டுண்ணியின் செல்லுக்குள் ஒரு பிளாஸ்டிட் இருக்கிறது, அதைச் சுற்றி நான்கு சவ்வுகள் இருக்கின்றன என்று படித்தேன். அதற்கு வேண்டிய புரதங்கள் வெளியே தயாராகி, நான்கு சவ்வுகளையும் தாண்டி எப்படி உள்ளே போகின்றன? பாசிகளிலும் இதே வழிதானா?" நுண்ணுயிரியல் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் சுருக்கமான விடை. புரதத்தின் தொடக்க முனையில் ஒரு விலாசம் இருக்கும். நம் ஊர் அஞ்சலகத்தில் விலாசத்தைக் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார்கள். முதலில் பின்கோடு, அப்புறம் ஊர், பிறகு தெரு, கடைசியில் கதவு எண். செல்லும் அப்படித்தான் விலாசத்தைப் பகுதி பகுதியாகப் படிக்கிறது, படித்த பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறது. நான்கு சவ்வுகளுக்கும் தனித்தனி வாசல்கள் உண்டு. அந்தச் சவ்வு ஒரு காலத்தில் யாருடையதாக இருந்ததோ, வாசலும் பெரும்பாலும் அவர்கள் விட்டுப்போனதுதான். யார் யாரை விழுங்கினார்கள் என்று தெரிந்தால் எந்தச் சவ்வில் எந்த வாசல் இருக்கும் என்று ஊகித்துவிடலாம்.

இனி விரிவாகப் பார்ப்போம்.

பிளாஸ்டிட் என்பது ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த சயனோபாக்டீரியா, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. தாவரங்களின் பசுங்கணிகம் பிளாஸ்டிட்டில் ஒரு வகை. அதை ஒரு பெரிய செல் விழுங்கியது, ஆனால் செரிக்கவில்லை. காலப்போக்கில் உள்ளே இருந்தவரின் மரபணுக்கள் பெரும்பாலும் விழுங்கியவரின் நியூக்ளியஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் பசுங்கணிகத்தில் இன்று மிஞ்சியிருக்கும் புரத மரபணுக்கள் 87 மட்டுமே. ஆனால் அந்தப் பசுங்கணிகம் வேலை செய்ய இரண்டாயிரம், மூவாயிரம் புரதங்கள் வேண்டும். மிச்சம் எல்லாம் வெளியே சைட்டோபிளாசத்தில் தயாராகி உள்ளே இறக்குமதி ஆகவேண்டும். மரபணு இடம் மாறியதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. அது உண்டாக்கும் புரதம் பழைய வீட்டுக்குத் திரும்பிவர ஒரு விலாசம் கிடைத்த பிறகுதான் பழைய பிரதியை இழக்க முடியும்.

விலாசம் உண்டு என்பது முதலில் தெரிந்தது ஒரு பாசியில்தான். 1977இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டோபர்ஸ்டைன், புளோபல், சுவா மூவரும் கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசியின் ருபிஸ்கோ என்சைமை எடுத்துக்கொண்டார்கள். அதன் சிறிய துணையலகைச் சோதனைக்குழாயில் உருவாக்கியபோது, அது செல்லுக்குள் காணப்படுவதைவிடப் பெரியதாக இருந்தது. தொடக்க முனையில் கூடுதலாக ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அடுத்த ஆண்டே பட்டாணியில் செய்த சோதனைகள், முழுதாகத் தயாராகி முடிந்த புரதத்தைப் பசுங்கணிகம் உள்ளே இழுத்துக்கொள்கிறது, இழுத்தபின் அந்தத் துண்டு வெட்டப்படுகிறது என்று காட்டின. அந்தத் துண்டுக்குத்தான் டிரான்சிட் பெப்டைடு என்று பெயர்.

பச்சைப்பாசி, செம்பாசி, தாவரம் இவற்றில் பிளாஸ்டிட்டுக்கு இரண்டு சவ்வுகள்தான். ஆகவே இரண்டு வாசல்கள். வெளிச்சவ்வில் டாக் என்ற புரதக் கூட்டம், உள்சவ்வில் டிக் என்ற கூட்டம். டாக் கூட்டத்தின் நடுவில் துளையாக நிற்பது டாக்75. அதன் மூதாதையர் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இருக்கும் ஓம்ப்85 குடும்பத்துப் புரதம். அதாவது விழுங்கப்பட்ட சயனோபாக்டீரியாவே கொண்டுவந்த கதவு அது. பாக்டீரியாவில் அந்தக் குடும்பத்தின் வேலை வெளிச்சவ்வுக்குள் மற்ற புரதங்களைப் பதிப்பது. புதிய வீட்டில் அது வெளியிலிருந்து உள்ளே சரக்கு இறக்கும் வாசலாகிவிட்டது.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லவேண்டும், பின்னால் இது தேவைப்படும். செம்பாசியிலும், சயனோஃபோரா போன்ற கிளாக்கோஃபைட் பாசிகளிலும் டிரான்சிட் பெப்டைடின் தொடக்கத்தில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கும். பச்சைப்பாசிகளிலும் தாவரங்களிலும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் புரதங்கள் பல, தங்கள் கடைசி அமினோ அமிலமாக ஃபீனைல்அலனினை வைத்திருக்கின்றன, அதைத்தான் ஓம்ப்85 அடையாளம் கண்டுகொள்கிறது. செம்பாசியின் ஃபீனைல்அலனின் அந்தப் பழைய பழக்கத்தின் எச்சமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. எனக்கு அது நம்பத்தக்கதாகவே படுகிறது.

சரி, இப்போது இரண்டாவது விழுங்கல். ஒரு செம்பாசியை, அதாவது ஏற்கெனவே பிளாஸ்டிட் வைத்திருக்கும் முழுச் செல்லை, இன்னொரு செல் விழுங்கியது. டயாட்டம், பழுப்புப்பாசி, கிரிப்டோஃபைட், ஹாப்டோஃபைட் ஆகிய பாசிகள், மலேரியா ஒட்டுண்ணி எல்லாவற்றின் பிளாஸ்டிட்டும் செம்பாசி வழி வந்ததுதான். இப்போது சவ்வுகளை வெளியிலிருந்து எண்ணிப் பாருங்கள். முதல் சவ்வு விழுங்கியவரின் உட்சவ்வு அமைப்பைச் சேர்ந்தது. இரண்டாவது, விழுங்கப்பட்ட செம்பாசியின் வெளிப்புறச் செல்சவ்வு. மூன்றாவதும் நான்காவதும் செம்பாசிக்குள் இருந்த பிளாஸ்டிட்டின் இரண்டு சவ்வுகள், அதாவது பழைய சயனோபாக்டீரியாவின் சொத்து. பிரகாரங்கள் உள்ள கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கருவறை மிகப் பழையது, வெளியே போகப்போக மதில்கள் பிந்தைய காலத்தவை. இரண்டாம் மதிலுக்கும் மூன்றாம் மதிலுக்கும் நடுவில் இருக்கும் இடம் ஒரு காலத்தில் செம்பாசியின் சைட்டோபிளாசம். கிரிப்டோஃபைட்டுகளில் அந்த இடத்தில் செம்பாசியின் நியூக்ளியஸ்கூடச் சுருங்கிப்போய் இன்னும் உயிரோடு இருக்கிறது. நியூக்ளியோமார்ஃப் என்று அதற்குப் பெயர். கில்லார்டியா தீட்டா என்ற கிரிப்டோஃபைட்டில் அது மூன்று குரோமோசோம்கள், 551 ஆயிரம் டி.என்.ஏ எழுத்துகள் கொண்டது. 2001இல் முழுமையாகப் படிக்கப்பட்டது.

முதல் மதிலைப் புரதம் எப்படித் தாண்டுகிறது என்பதற்கான துப்பு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலேயே இருந்தது. இந்தப் பாசிகள் பலவற்றில் பிளாஸ்டிட்டின் வெளிச்சவ்வு மேல், புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும், அந்தச் சவ்வு நியூக்ளியஸின் உறையோடும் தொடர்ச்சியாக இருக்கும். அப்படியானால் அது, சுரக்கப்படும் புரதங்கள் முதலில் நுழையும் சவ்வு அமைப்பான எண்டோபிளாச வலைதானே! மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த சாரா கிப்ஸ், அந்த ரைபோசோம்களில் தயாராகும் புரதம் சவ்வைக் கடந்தே உள்ளே போகிறது என்று 1979இல் எழுதினார். மரபணு வெட்டி ஒட்டும் கருவிகள் பரவலாவதற்கு முன்னரே, படங்களைப் பார்த்து அவர் யோசித்துச் சொன்ன வழி அது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஊகங்களில் ஒன்று.

அது சரி என்பதற்கு வந்த சோதனையும் அழகானது. டயாட்டத்தின் பிளாஸ்டிட் புரதங்களின் தலையில் இரண்டு துண்டு விலாசம் இருக்கிறது. முதலில் ஒரு சிக்னல் பெப்டைடு. சுரக்கப்படும் எந்தப் புரதத்திலும் இருப்பதுபோல, இருபது சொச்சம் அமினோ அமிலங்கள் நீளமுள்ள, தண்ணீரை வெறுக்கும் துண்டு. அதற்குப் பின்னால் டிரான்சிட் பெப்டைடு. 1998இல் பீட்டர் க்ரோத்தும் சக ஆய்வாளர்களும் முழு விலாசம் உள்ள புரதத்தை நாயின் கணையத்திலிருந்து எடுத்த எண்டோபிளாச வலைத் துண்டுகளிடம் கொடுத்தார்கள். அவை புரதத்தை உள்ளே எடுத்துக்கொண்டன. பிறகு சிக்னல் பெப்டைடை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பட்டாணிப் பசுங்கணிகத்திடம் கொடுத்தார்கள். அதுவும் எடுத்துக்கொண்டது. ஒரு பாதி விலாசத்தை நாயின் செல் உறுப்பு படிக்கிறது, மறுபாதியைப் பட்டாணி படிக்கிறது. விலாசம் இரண்டு வரலாறுகளைச் சேர்த்துத் தைத்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

டயாட்டத்தில் அந்தப் பழைய ஃபீனைல்அலனின் இன்னும் இருக்கிறது. சிக்னல் பெப்டைடு வெட்டப்படும் இடத்துக்கு அடுத்த முதல் அமினோ அமிலமே அதுதான். ஃபியோடாக்டைலம் என்ற டயாட்டத்தில் கிலியனும் க்ரோத்தும் 2005இல் அந்த ஒரே ஒரு எழுத்தை மாற்றிப் பார்த்தார்கள். டைரோசின், டிரிப்டோஃபேன் போன்ற ஒருசில அமினோ அமிலங்கள் அந்த இடத்தில் இருந்தால் வேலை நடக்கிறது. வேறு எதையாவது வைத்தால் புரதம் முதல் இரண்டு மதில்களையும் தாண்டிவிட்டு, செம்பாசியின் பழைய சைட்டோபிளாசத்திலேயே ஒரு திட்டாகத் தேங்கி நிற்கிறது. கருவறைக்குள் போக அனுமதி இல்லை. இதைச் செல் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. நடு இடத்திலேயே தங்கவேண்டிய புரதங்களுக்கும் ஏறக்குறைய இதே விலாசம்தான், அந்த ஃபீனைல்அலனின் மட்டும் இருக்காது. ஒரே எழுத்தில் இரண்டு முகவரிகள்.

இனி ஒட்டுண்ணிக்கு வருவோம்.

மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்தில் வட்ட வடிவ டி.என்.ஏ ஒன்று இருப்பது 1970களிலேயே தெரியும். அது மைட்டோகாண்ட்ரியாவுடையது என்று நினைத்தார்கள். பிறகு மைட்டோகாண்ட்ரியாவின் உண்மையான டி.என்.ஏ வெறும் 6 ஆயிரம் எழுத்துகள் கொண்ட வேறொன்று என்று தெரிந்தது. அப்படியானால் 35 ஆயிரம் எழுத்துகள் கொண்ட இந்த வட்டம் யாருடையது? லண்டன் மில் ஹில்லில் இயன் வில்சன் குழு 1996இல் அதை முழுமையாகப் படித்து முடித்தபோது, அது பசுங்கணிகத்து டி.என்.ஏவின் சாயலில் இருந்தது. அதே ஆண்டு மெல்போர்னின் ஜெஃப் மெக்ஃபாடனும் சக ஆய்வாளர்களும், 1997இல் பென்சில்வேனியாவின் டேவிட் ரூஸ் குழுவும், பிளாஸ்மோடியத்தின் உறவினரான டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியில் அந்த வட்டம் எந்த உறுப்புக்குள் இருக்கிறது என்று காட்டினார்கள். நுண்ணோக்கிக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பல பெயர்கள் வைத்திருந்த, நான்கு சவ்வு சூழ்ந்த ஒரு சிறு உறுப்பு அது. ஏபிகோபிளாஸ்ட் என்ற பெயர் நிலைத்தது. ஒளிச்சேர்க்கை இல்லை, பச்சையம் இல்லை, ஆனால் பிளாஸ்டிட்தான்.

அந்த வட்டத்தில் இருக்கும் புரத மரபணுக்கள் ஏறக்குறைய முப்பதுதான், அவற்றில் பெரும்பாலானவை அந்த உறுப்பு தன் சொந்த மரபணுக்களைப் படிக்கத் தேவையானவை. கொழுப்பு அமிலம் தயாரிப்பது, ஐசோபிரினாய்டு தயாரிப்பது போன்ற உண்மையான பணிகளுக்கான என்சைம்கள் எல்லாம் நியூக்ளியஸின் மரபணுக்களிலிருந்து வருகின்றன. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, உறுப்புக்குள்ளேயே ஒரு என்சைமை வைத்து அக்கம்பக்கத்துப் புரதங்களுக்கு பயோட்டின் முத்திரை குத்தி, 346 புரதங்களை அடையாளம் கண்டது. சுமார் 5,300 மரபணுக்கள் உள்ள ஓர் உயிரிக்கு இது பெரிய பங்கு.

விலாசத்தை உடைத்துக் காட்டிய வேலை மெல்போர்ன் குழுவுடையது. ரோஸ் வாலரும் சக ஆய்வாளர்களும் 1998இலும் 2000இலும் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளை இன்றும் மாணவர்களுக்குக் கொடுக்கலாம், அவ்வளவு தெளிவானவை. அசைல் கடத்திப் புரதம் என்ற சிறிய புரதத்தின் தலைத்துண்டை எடுத்துப் பச்சை ஒளிர் புரதத்தோடு ஒட்டினார்கள். முழுத் தலைத்துண்டும் இருந்தால் பச்சை ஒளி ஏபிகோபிளாஸ்ட்டில் தெரிகிறது. சிக்னல் பெப்டைடு மட்டும் இருந்தால், ஒட்டுண்ணிக்கு வெளியே, சிவப்பணுவுக்குள் அது குடியிருக்கும் வெற்றிடக் குமிழில் போய்ச் சேர்கிறது. டிரான்சிட் பெப்டைடு மட்டும் இருந்தால் ஒட்டுண்ணியின் சைட்டோபிளாசத்திலேயே நின்றுவிடுகிறது. முதல் பாதி இல்லாவிட்டால் பயணமே தொடங்காது. இரண்டாம் பாதி இல்லாவிட்டால், எண்டோபிளாச வலைக்குள் புகுந்த புரதம் இயல்பாகவே வெளியே சுரக்கப்பட்டுவிடும். டிரான்சிட் பெப்டைடின் முதல் வேலை இங்கே, சுரப்புப் பாதையில் போய்க்கொண்டிருக்கும் கூட்டத்திலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்தெடுப்பது. நான்கு சவ்வையும் பற்றிப் பேசும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

டயாட்டத்தில் ரைபோசோம்கள் வெளிச்சவ்விலேயே ஒட்டியிருக்கும், ஏபிகோபிளாஸ்ட்டின் வெளிச்சவ்வில் அப்படி இல்லை. ஆகவே எண்டோபிளாச வலையிலிருந்து அந்த உறுப்புவரை ஒரு பயணம் தேவை. செல்லுக்குள் புரதங்களைப் பிரித்து அனுப்பும் உறுப்பான கோல்கி வழியாகவா? பிரெஃபெல்டின் ஏ என்ற மருந்தால் கோல்கிப் போக்குவரத்தைத் தடுத்துப் பார்த்தபோது பிளாஸ்மோடியத்திலும் டாக்ஸோபிளாஸ்மாவிலும் ஏபிகோபிளாஸ்ட்டுக்குப் புரதம் போவது நிற்கவில்லை. கோல்கிக்கு முன்பே பாதை பிரிகிறது என்பதுதான் இதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட முடிவு.

இந்த ஒட்டுண்ணியின் டிரான்சிட் பெப்டைடு பார்ப்பதற்கே வேறு மாதிரி இருக்கும். தாவரங்களில் செரினும் திரியோனினும் நிறைந்திருக்கும். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்திலோ லைசினும் ஆஸ்பரஜினும் குவிந்திருக்கும். அதன் ஜீனோமில் சுமார் 80 விழுக்காடு ஏ, டி என்ற இரண்டு எழுத்துகள்தான். அந்த எழுத்துகளால் எளிதில் எழுதக்கூடிய அமினோ அமிலங்கள் இவை. செம்பாசி வழி வந்திருந்தாலும் அந்த ஃபீனைல்அலனின் கட்டாயத்தை இது விட்டுவிட்டது. அப்படியானால் விதி என்ன? மெக்ஃபாடன் குழுவின் பெர்னார்டோ ஃபோத்தும் மற்றவர்களும் 2003இல் சொன்னது: நிகர மின்னூட்டம் நேர்மின்னாக இருக்கவேண்டும், தொடக்கத்தில் எதிர்மின் அமினோ அமிலம் கூடாது, மற்ற புரதங்கள் மடிய உதவும் சாப்பரோன் புரதங்கள் பிடித்துக்கொள்ள இடம் இருந்தால் நல்லது. அவ்வளவுதான். அந்த விதிகளை வைத்து உருவான பிளாஸ்மோஏபி என்ற மென்பொருளை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

விதி இவ்வளவு தளர்வானதா என்று சந்தேகம் வரும். அவர்களுக்கும் வந்திருக்கவேண்டும். 2008இல் டாங்கினும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனையைக் கேளுங்கள். கண்டபடி கலைத்துப் போட்ட அமினோ அமில வரிசைகளை டிரான்சிட் பெப்டைடு இருக்கவேண்டிய இடத்தில் வைத்தார்கள். பல வேலை செய்தன.   நூற்றுக்கணக்கான மரபணுக்கள் நியூக்ளியஸுக்குக் குடிபெயர்ந்து, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விலாசம் தேடிக்கொண்டது எப்படி என்ற பெரிய புதிருக்கு இது விடை. நேர்மின்னூட்டம் உள்ள, மடியாமல் தளர்ந்து கிடக்கும் ஏதோ ஒரு துண்டு முன்னால் வந்து ஒட்டினால் போதும். விலாசம் கிடைப்பது அப்படியொன்றும் அரிதான தற்செயல் இல்லை.

இப்போது மிகவும் சுவையான இடம், இரண்டாவது மதில். முதல் மதிலுக்கு எண்டோபிளாச வலையின் வாசல், மூன்றுக்கும் நான்குக்கும் டாக், டிக். இரண்டாவதோ விழுங்கப்பட்ட செம்பாசியின் செல்சவ்வு. புரதத்தை வெளியிலிருந்து உள்ளே இழுக்கும் எந்திரம் எந்தச் செல்சவ்விலும் இயல்பாக இருப்பதில்லை. இது பல ஆண்டுகள் விடை தெரியாத கேள்வியாக இருந்தது.

ஜெர்மனியில் மார்பர்க் நகரத்து ஊவே மையர் குழு விடையைத் தேடிய இடம் கிரிப்டோஃபைட்டின் நியூக்ளியோமார்ஃப். செம்பாசியின் பழைய நியூக்ளியஸ், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்துவிட்டது. இழக்காமல் இன்னும் பிடித்துவைத்திருக்கும் மரபணுக்கள் முக்கியமானவையாக இருக்கவேண்டும். அதில் டெர்1 என்ற மரபணு இருந்தது. இது விசித்திரமானது. ஏனென்றால் டெர்1 எண்டோபிளாச வலையின் குப்பை அகற்றும் அமைப்பைச் சேர்ந்தது. எந்தச் செல்லிலும் எண்டோபிளாச வலைக்குள் தவறாக மடிந்த புரதங்களை இந்த அமைப்பு பிடித்து, சவ்வு வழியே சைட்டோபிளாசத்துக்குத் தள்ளி, யூபிக்விட்டின் முத்திரை குத்தி, அழிப்பதற்கு அனுப்பும். வெளியே இருந்து இழுப்பது சிடிசி48 என்ற ஆறு துண்டு மோட்டார். நியூக்ளியோமார்ஃப் இருக்கும் அந்தக் குறுகிய இடத்தில் எண்டோபிளாச வலையே கிடையாது. வலை இல்லாத இடத்தில் வலையின் குப்பை அமைப்பு எதற்கு?

2007இல் அவர்கள் முன்வைத்த விடை: இரண்டாவது மதிலின் வாசலே அதுதான். செம்பாசியின் குப்பை அகற்றும் எந்திரம் இடம் மாறி அந்தச் சவ்வில் வந்து உட்கார்ந்துகொண்டது. செல்மா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் தர்க்கத்தைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். குப்பை அமைப்பு புரதத்தை எண்டோபிளாச வலையின் உட்பக்கத்திலிருந்து சைட்டோபிளாசத்துக்கு இழுக்கிறது. இங்கே முதல் மதிலைத் தாண்டிய புரதம் நிற்கும் இடம் விழுங்கியவரின் எண்டோபிளாச வலையின் உட்பக்கத்துக்குச் சமம். அது போகவேண்டிய இடம் செம்பாசியின் பழைய சைட்டோபிளாசம். திசைகூட மாறவில்லை! எந்திரம் தன் பழைய வேலையையே வேறொரு சுவரில் செய்கிறது, அது வெளியேற்றியது இப்போது உள்ளே வரவு ஆகிறது.

இது வெறும் அழகான கருத்தாக நின்றுவிடவில்லை. டயாட்டங்களிலும் மலேரியா ஒட்டுண்ணியிலும் அதே பகுதிகளின் இரண்டாவது பிரதிகள் நியூக்ளியஸ் மரபணுக்களாக இருப்பதும், அவை பிளாஸ்டிட்டின் பக்கம் போய்ச் சேர்வதும் அடுத்தடுத்துத் தெரிந்தன. ஒட்டுண்ணியில் நியூக்ளியோமார்ஃப் மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, எந்திரம் மட்டும் நிற்கிறது. 2009இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் போரிஸ் ஸ்ட்ரீப்பன் குழு டாக்ஸோபிளாஸ்மாவில் ஏபிகோபிளாஸ்ட்டின் டெர்1 மரபணுவைத் தேவைப்படும்போது அணைக்கும்படி மாற்றியது. அணைத்ததும் இறக்குமதி நின்றது, ஒட்டுண்ணி இறந்தது. அதே குழு அதற்கு முந்தைய ஆண்டு டிக்20ஐ அணைத்துப் பார்த்திருந்தது, விளைவு அதேதான். பின்னர் டாக்75 போன்ற துளைப்புரதமும் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு வாசலுக்கும் பெயர் கிடைத்துவிட்டது.

இந்தச் சவ்வு அடுக்குக்கு இன்னொரு சின்ன சரிபார்ப்பும் உண்டு. பிளாஸ்மோடியத்தின் ஏபிகோபிளாஸ்ட்டில் சர்க்கரை பாஸ்பேட்டைக் கடத்தும் இரண்டு ஒத்த புரதங்கள் இருக்கின்றன. ஒன்று உள்சவ்வில், மற்றொன்று வெளிச்சவ்வில். உள்ளே போகவேண்டியதற்கு இரண்டு துண்டு விலாசம் இருக்கிறது. வெளிச்சவ்வில் நிற்பதற்கு அந்த விலாசம் இல்லை. அது எந்த மதிலையும் தாண்டவேண்டியதில்லை, ஆகவே தேவையும் இல்லை.

பாசிகளிலும் இதே வழிதானா என்று கேட்டீர்கள். செம்பாசி வழி வந்த நான்கு சவ்வுப் பிளாஸ்டிட்டுகளில் பெரும்பாலும் ஆம். மற்றவற்றில் இல்லை.

யூக்ளினாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது விழுங்கியது பச்சைப்பாசியை, பிளாஸ்டிட்டைச் சுற்றி மூன்று சவ்வுகள்தான். செல்மா கிடையாது. அதன் புரதங்களில் பலவற்றுக்குச் சிக்னல் பெப்டைடும் டிரான்சிட் பெப்டைடும் போக, மூன்றாவதாகத் தண்ணீரை வெறுக்கும் இன்னொரு துண்டும் இருக்கிறது. எண்டோபிளாச வலைக்குள் நுழையத் தொடங்கிய புரதம் அந்தத் துண்டில் மாட்டி நின்றுவிடுகிறது. தலை உள்ளே, உடல் பெரும்பகுதி வெளியே சைட்டோபிளாசத்தில். அப்படியே நங்கூரமிட்ட நிலையில் குமிழில் ஏறி, கோல்கி வழியாகவே போய், பிளாஸ்டிட்டின் வெளிச்சவ்வோடு கலக்கிறது. செம்பாசி வழி வந்த, மூன்று சவ்வுப் பிளாஸ்டிட் உள்ள டைனோஃபிளாஜெல்லேட் பாசிகளும் ஏறக்குறைய இதே முறைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டும் நெருங்கிய உறவினர் இல்லை. பொதுவாக இருப்பது மூன்று என்ற எண்ணிக்கைதான். இரண்டாவது மதில் இல்லாவிட்டால் அதற்கான வாசலும் தேவையில்லை. இதனால்தான் பாசிகளின் வகைப்பாட்டைப் படிக்கும்போது சவ்வு எண்ணிக்கையைப் பரீட்சைக்கான மனப்பாடமாக விட்டுவிடாதீர்கள் என்று சொல்வேன்.

இந்த வரிசையில் எதிலும் சேராதது பாலினெல்லா. 1890களில் ராபர்ட் லாட்டர்போர்ன் ஜெர்மனியில் கண்டுபிடித்த அமீபா வகை. மற்ற எல்லாப் பிளாஸ்டிட்டுகளும் ஒரே பழைய விழுங்கலின் வாரிசுகள், இது மட்டும் ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் தனியாக ஒரு சயனோபாக்டீரியாவை விழுங்கியது. அதன் உள்ளிருக்கும் பச்சை உறுப்பில் இன்னும் சுமார் பத்து லட்சம் எழுத்து டி.என்.ஏ இருக்கிறது, குடிபெயர்ப்பு பாதியில் நிற்கிறது. இங்கேயும் புரத இறக்குமதி தொடங்கிவிட்டது. நீளமான புரதங்களின் தலையில் ஏறக்குறைய 200 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே மாதிரியான துண்டு இருக்கிறது. சிறிய புரதங்களுக்கு அப்படி எதுவும் இல்லை, அவை கோல்கி வழியாகப் போவதாக 2012இல் நோவாக், கிராஸ்மன் இருவரும் காட்டினார்கள். நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நாம் பார்க்க முடியாது. பாலினெல்லாவில் அதே வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒட்டுண்ணிக்கும் பாசிக்கும் உள்ள உறவில் சந்தேகம் இருந்தால் குரோமெரா வெலியாவைப் பாருங்கள். சிட்னி துறைமுகத்துப் பவளத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2008இல் அறிவிக்கப்பட்டது. மலேரியா ஒட்டுண்ணியின் நெருங்கிய உறவினர், ஆனால் ஒளிச்சேர்க்கை செய்கிறது, பிளாஸ்டிட்டைச் சுற்றி நான்கு சவ்வுகள். ஒட்டுண்ணியின் முன்னோர் வெயிலில் வாழ்ந்தவர்கள் என்பது அதற்குப் பிறகு எளிதாகப் புரிகிறது.

இதில் மருத்துவத்துக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். டாக்சிசைக்ளினும் கிளிண்டாமைசினும் மலேரியாவைத் தாக்குவது இந்த உறுப்பின் பாக்டீரியா வகை ரைபோசோம் வழியாகத்தான். மருந்து கொடுத்த முதல் 48 மணி நேரச் சுற்றில் ஒட்டுண்ணி நன்றாகவே வளர்கிறது. அடுத்த தலைமுறைதான், கெட்டுப்போன ஏபிகோபிளாஸ்ட்டோடு பிறந்து, இறக்கிறது. அதனால்தான் இவை மெதுவாக வேலை செய்கின்றன, வேகமான இன்னொரு மருந்தோடு சேர்த்தே சிகிச்சைக்குக் கொடுக்கிறார்கள். இறக்குமதி வாசல்கள் இன்னும் நல்ல இலக்கு என்று நான் நினைக்கிறேன். டெர்1ஐ அணைத்தால் ஒட்டுண்ணி சாகிறது, ஏபிகோபிளாஸ்ட்டுக்கென உள்ள அந்தப் பிரதி நம் செல்லில் கிடையாது.

கடைசியாக ஒரு சோதனை. 2011இல் சான் பிரான்சிஸ்கோவில் எலன் யே, ஜோ டெரிசி இருவரும் ரத்த நிலை ஒட்டுண்ணிக்கு ஐசோபென்டெனில் பைரோபாஸ்பேட் என்ற ஒரே ஒரு சேர்மத்தை வெளியிலிருந்து ஊட்டினார்கள். ரத்தத்தில் வாழும் நிலையில் ஏபிகோபிளாஸ்ட் தருவதில் தவிர்க்கமுடியாதது அது ஒன்றுதான். ஊட்டிவிட்டால், ஆன்டிபயாடிக் கொடுத்து உறுப்பையே முழுதாக இழக்கவைத்தாலும் ஒட்டுண்ணி வாழ்கிறது. அந்த ஒட்டுண்ணிகளில் ஏபிகோபிளாஸ்ட்டுக்கான புரதங்கள் என்ன ஆயின? நியூக்ளியஸ் அவற்றைத் தொடர்ந்து தயாரிக்கிறது. சிக்னல் பெப்டைடு வழக்கம்போல எண்டோபிளாச வலைக்குள் அழைத்துப்போகிறது. அதன்பின் அவை செல் முழுக்கச் சிதறிய சிறு குமிழ்களில் நிற்கின்றன, டிரான்சிட் பெப்டைடு வெட்டப்படாமலே. அந்தத் துண்டை வெட்டும் என்சைம் இருந்த இடம் நான்காவது மதிலுக்குள்ளே. அந்த வீடுதான் இப்போது இல்லை.